துண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்டக்டர்

படகின் முன்முனைப் பலகையில் என்னை உட்காரவைத்துவிட்டுப் பெரியப்பா சொன்னார்: "நேராப் பாரு தேவகி. என்ன ஆனாலும் திரும்பப்படாது."

நேராகப் பார்த்தேன். பச்சை. தண்ணீருக்குள்ளிருந்தே மரங்கள் முளைத்து, இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் படகு போகிற அகலத்துக்கு ஒரு வாய்க்கால். சேற்று வாடையும் உப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. எங்கேயோ ஒரு கொக்கு, யாரோ அதன் காலை மிதித்துவிட்ட மாதிரி கத்தியது.

என் முதுகுக்குப் பின்னால், படகின் கடைசிப் பலகையில், என்னைப் பெண் பார்க்க வந்தவர் உட்கார்ந்திருந்தார். அவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரை தாண்டிவிட்டது. ராகு காலம் பிறந்துவிட்டது.

பெண் பார்க்கிற நாளில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே படகில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊர்வலம் போன கதை உங்களில் வேறு யாருக்காவது நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து சிரிப்போம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, மறுபடி வந்து, தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பொண்ணு அழுகிறது என்று பின்னால் யாரோ மெல்லிய குரலில் கவலைப்பட்டார்கள்.

என் கடையும் என்னைப் பார்த்தவர்களும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் மருந்துக்கடையைத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். பார்மசிஸ்டும் நானே, முதலாளியும் நானே, காலையில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பவளும் நானே. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, மனிதர்களின் மனதையும் படித்துவிடலாம் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு.

முப்பத்தேழு வயதுவரை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆளே வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபியில் சர்க்கரை தூக்கல் என்றார்கள். எழுந்திருக்கும்போது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கல்யாணத்துக்கப்புறம் கடைய என்ன செய்யப்போறீங்க?"

"நடத்தப்போறேன்" என்று சொன்னால் முகம் மாறிவிடும். ஊருக்குப் போய்க் கலந்துகொண்டு சொல்கிறோம் என்பார்கள். அந்தக் கலப்பு இன்றுவரை முடியவில்லை. ஒருவர் மட்டும் போகிற போக்கில் தன் அம்மாவின் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். பெண் ஒத்துவராதாம், மாத்திரை நன்றாகக் கேட்டதாம். ஆள் அனுப்பி இன்னொரு அட்டை வாங்கினார்.

எத்தனை வீட்டார் வந்தாலும் ஒருவரும் எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பலகாரம் தின்னலாம், காபி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதனால் பேச்சு முடியாமல் எந்தப் பக்கத்தாரும் சோற்றுப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். எவ்வளவு பசித்தாலும் சரி, ஏப்பம் விட்டுக் காட்டுவார்கள். இந்தச் சட்டத்துக்கு எங்கள் குடும்பத்தில் சுப்ரீம் கோர்ட் என் பெரியப்பா. அப்பா போனபிறகு எனக்கு மாப்பிள்ளை தேடும் பொறுப்பை அவர்தான் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஆள்

கடைசியாக வந்த வரன் மாவட்டத்தின் அந்தக் கோடி. மணமேல்குடிப் பக்கம். பெயர் முருகானந்தம், பஸ் கண்டக்டர், நாற்பது வயது, கூடப்பிறந்தது ஒரே அக்கா. அம்மா அப்பா சீக்கிரமே போய்ச்சேர்ந்ததால் அந்த அக்காதான் அவரை வளர்த்து ஆளாக்கியவர் என்று தரகர் சொன்னார்.

தரகர் போனில் ஒரு படமும் அனுப்பினார். ஏதோ கல்யாண வீட்டில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் படம். ஐந்தாவது ஆள் என்று எழுதியிருந்தார். இடதுபக்கத்திலிருந்தா, வலதுபக்கத்திலிருந்தா என்று எழுதவில்லை. இடப்பக்கத்து ஐந்தாவது ஆளுக்குத் தலை நிறைய முடி, கூலிங் கிளாஸ். வலப்பக்கத்து ஐந்தாவது ஆளுக்கு முன்நெற்றி கொஞ்சம் தாராளம், படம் எடுப்பவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்டுத் தெளிவுபெற எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை நான் ஒரு நிபந்தனை போட்டேன். வீட்டில் தட்டுத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன். வேறெங்காவது பொது இடத்தில் பார்க்கட்டும். பெரியப்பா கோயில் என்றார். நான் முத்துக்குடா என்றேன். மீமிசலுக்குப் பக்கத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள் என்று போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். எப்படியும் இவர்களும் வேண்டாமென்றுதான் சொல்லப்போகிறார்கள். போகிறதுதான் போகிறோம், கண்ணுக்கு நல்லதாக ஒன்றைப் பார்த்துவிட்டாவது வருவோம் என்பது என் கணக்கு.

மாப்பிள்ளை வீட்டில் உடனே சரி என்றுவிட்டார்கள். அவர்களுக்கு அது பக்கம். எங்களுக்குத்தான் விடியுமுன் வேன் ஏறவேண்டியிருந்தது.

வேனில் போனவை

நான்கே பேர்தான் போனோம். அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான். ஆனால் வேன் நிறைந்துவிட்டது. கடலோரத்தில் எல்லாம் உப்புத் தண்ணீர் என்று பெரியப்பா கேன் கேனாகக் குடிதண்ணீர் ஏற்றியிருந்தார். பெண் பார்க்கும் சடங்குக்கு அம்மா கிண்டிய கேசரி ஒரு தூக்கில். பேச்சு நல்லபடி முடிந்தால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகப் பெரியம்மா செய்த சாப்பாடு ஒரு பெரிய டிபன் கேரியரில். மேலடுக்கில் துவையல், நடுவில் புளிச்சோறு, அடியில் சர்க்கரைப் பொங்கல்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்தான். மழை பெய்தால் நிறையும், பாய்ச்சினால் குறையும். ராயவரம், அறந்தாங்கி தாண்டி, ஆவுடையார்கோவிலும் தாண்டி, காற்றில் முதல் உப்பு வாடை வந்ததும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன். புடவைக்குப் பொருத்தமாகத் தங்கச்சி கொடுத்துவிட்ட சின்னக் கைப்பை மடியில் கிடந்தது. நான் வழக்கமாகக் கொண்டுபோகும் பை பெரியது, அதில் குளுக்கோஸிலிருந்து கட்டுப்போடும் துணிவரை இருக்கும். இந்தப் பையில் ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் மட்டுமே இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் டயர் பஞ்சர். படகுத்துறைக்குப் போய்ச்சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருந்தார்கள். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடனே குடையை விரித்து என் முகத்துக்கு நேராகச் சாய்த்துவிட்டார்.

"இப்பத்தான் ராகு காலம் ஆரம்பம். பன்னெண்டு மணிக்குத்தான் பாக்கணும். அதுவரைக்கும் மாப்ள அங்கிட்டுத் திரும்பிக்கட்டும்."

குடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "சரிங்க. அதுக்குள்ள படகுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவமா? சும்மா நிக்கிறதுக்கு."

நல்ல குரல். அவசரமில்லாத குரல். அதுதான் நான் கேட்ட முதல் வார்த்தை.

முதுகால் கேட்டது

அம்மாவுக்குப் படகைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும். கேசரிக்குக் காவலாகத் துறையிலேயே இருந்துகொண்டார். பெரியம்மா டிபன் கேரியரை விட்டு வர மறுத்துவிட்டார், அதனால் அதுவும் ஏறியது, கூடவே பெரியப்பாவின் தண்ணீர்க் கேன் ஒன்றும். முன்முனையில் நான், எனக்குப் பின்னால் பெரியம்மா, பெரியப்பா. அப்புறம் மாப்பிள்ளையின் அக்கா பஞ்சவர்ணம். கடைசியில் மாப்பிள்ளையும் படகுக்காரர் செல்வராசும்.

படகு காட்டுக்குள் நுழைந்தது. நான் என்னை மறந்தேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குச்சி குச்சியாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. அது மரம் மூச்சு விடுகிற வேர் என்றார் செல்வராசு. ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருந்த சின்ன நண்டுகள், அதைத் தூக்கித் தூக்கி எங்களை வா வா என்று கூப்பிட்டன. நீலமாக ஒரு மீன்கொத்தி தண்ணீரை ஒட்டிக் கோடு போட்டதுபோல் பறந்து போனது. "ஐயோ, அங்க பாருங்க! இங்க பாருங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. திரும்பத்தான் கூடாதே.

"பாத்தேங்க" என்று ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து பதில் வந்தது.

நடுவில் செல்வராசின் அதட்டலும் கேட்டது. "சார், உக்காருங்க சார். ஏன் நிக்கிறீங்க?"

"வண்டி ஓடும்போது ஒக்காந்து பழக்கமில்லண்ணே."

"இது பஸ்ஸு இல்ல சார். படகு."

செல்வராசு ஓர் இலையைப் பறித்து முன்னால் அனுப்பினார். "நக்கிப் பாருங்கக்கா. உப்பு எலைமேலயே பூத்திருக்கும்." நாக்கில் வைத்தேன். நிஜமாகவே உப்பு! பெரியப்பா பதறிவிட்டார். "தம்பி, இது கை நனைச்சதுல சேருமா? அவங்க பக்கத்து உப்புல்ல?" எலையெல்லாம் சேராது என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னபிறகுதான் சமாதானமானார்.

எனக்குள் அந்தப் பழைய கேள்வி நமநமவென்று அரித்துக்கொண்டிருந்தது. இவரும் கடையை விடச் சொல்வாரா? பேசக்கூடாது என்று பெரியப்பா தடை போட்டிருந்தார். படகுக்காரரோடு பேசக்கூடாது என்று சொல்லவில்லை.

"அண்ணே," என்றேன் மரங்களைப் பார்த்து, "இங்கேருந்து பொன்னமராவதிக்குத் தெனமும் போயிட்டு வர முடியுமா?"

"யாரு, நானாக்கா?" என்றார் செல்வராசு.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

"அதெப்புடி முடியும்? பாதி நாளு ரோட்டுலயே போயிரும்."

அப்புறம் அந்தக் குரல். "அண்ணே, ஒரு மருந்துக்கடைய அப்படியே தூக்கி இங்கிட்டுக் கொண்டாந்து வைக்க முடியுமா?"

"கடைய எப்புடி சார் தூக்குறது? என்ன ரெண்டு பேரும் எங்கிட்டயே கேக்குறீங்க?"

"அதானண்ணே. கடை இருக்கற எடத்துல இருக்கட்டும். பஸ்ஸு எல்லா ரூட்டுலயும் ஓடுது. கண்டக்டருக்கு எந்த டெப்போவா இருந்தா என்ன?"

நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை, ஒரு படகுக்காரரின் காது வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று ஆடலாம்போல் இருந்தது. தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் உடனே நடுப்பலகையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டெப்போ மாத்துறதெல்லாம் ஓம் பாட்டுக்குப் பேசாத தம்பி. ஊரு விட்டு ஊரு போறதுன்னா வீட்டுல யோசிக்கணும். எனக்குன்னு நீ ஒருத்தன்தான இருக்க."

அதற்குமேல் அந்தக் குரல் பேசவில்லை. அவர் அக்கா பேச்சைத் தட்டாதவர் என்று எனக்குப் புரிந்தது. என் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் கடைசிப் பலகையில் இல்லை, நடுப்பலகையில் இருக்கிறார்.

கண்மாய்க் கணக்கு

வாய்க்கால் கடலைப் பார்த்துத் திறக்கிற இடத்தில் படகைத் திருப்பப் போனார் செல்வராசு. பெரியப்பா மணி பார்த்தார். இப்போது திரும்பினால் ராகு காலம் முடிவதற்குள் துறைக்குப் போய்விடுவோம். இறங்கும்போது ஒருவரையொருவர் பார்க்காமல் முடியாது.

"தம்பி, இப்படி மர நெழலாப் பாத்து நிப்பாட்டு. பன்னெண்டு ஆனதும் போவோம்."

"தண்ணி எறங்குற நேரங்கய்யா. நின்னா மாட்டிக்கிருவோம்."

பெரியப்பா சிரித்தார். ஐம்பது வருஷம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போட்டவரின் சிரிப்பு அது. "எங்கூருக் கண்மாய் வத்தவே ரெண்டு மாசம் ஆகும். இம்புட்டுப் பெரிய கடலு. ஒரு மணி நேரத்துல தண்ணி எங்க ஓடிப்போகும்?"

தண்ணீர் ஓடிப்போயிற்று.

முதலில் வேர்க்குச்சிகள் உயரமாகத் தெரிய ஆரம்பித்தன. அப்புறம் படகின் அடியில் யாரோ கையால் தடவுவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. சேற்றில் படகு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நண்டுகள் எங்களைச் சுற்றி வந்து கொடுக்கைத் தூக்கிக் காட்டின. செல்வராசு துறைக்குப் போன் போட்டார். தண்ணீர் ஏறினால்தான் இன்னொரு படகும் வரமுடியும் என்றார்கள்.

"எங்க போச்சு?" என்று பெரியப்பா தண்ணீர் இருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. காடே எதிரொலிக்கச் சிரித்தேன். கடைசிப் பலகையிலும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு சிரிப்பும் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அது சோறா, பலகாரமா?

வெயில் ஏறியது. பேச்சுக் குறைந்தது. நடுப்பலகையில் சத்தமே இல்லை என்பதை நான்தான் முதலில் கவனித்தேன். கடையில் ஆட்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். "அக்கா, காலையில சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இட்லி... வெள்ளனவே தின்னது" என்றார். நாக்கு குழறியது.

"சுகர் மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

"போட்டேன்."

திரும்பிவிட்டேன். "ஏய், ஏய்!" என்று பெரியப்பா எழுந்து, தோளில் கிடந்த துண்டை விரித்து, அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் திரைபோல் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அக்காவின் நெற்றியில் வியர்வை கொட்டியது. கை வெடவெடவென்று நடுங்கியது. சுகர் இறங்கிவிட்டது. கைப்பையைத் திறந்தேன். சீப்பு. பவுடர். தங்கச்சியை மனதுக்குள் திட்டினேன்.

"பெரியம்மா, அடியடுக்க எடுங்க."

பெரியம்மா கேரியரைத் திறந்தார். அக்கா கையை ஆட்டினார். "வேணாம்மா. இன்னும் பேசி முடிக்கல. கை நனைக்கப்படாது."

"சர்க்கரைப் பொங்கலுங்க. இனிப்புதான்" என்றார் பெரியம்மா. "கேசரி மாதிரி வச்சுக்கங்க."

"அரிசி போட்டா சோறுதான்" என்றார் துண்டுக்குப் பின்னாலிருந்து பெரியப்பா. சட்டம் என்று வந்தால் அவருக்குத் தன் பக்கம், எதிர்ப்பக்கம் கிடையாது.

"பருப்பும் போட்டிருக்கு."

"பருப்புப் போட்டாலும் சோறுதான்."

"எனக்கு எந்தப் பக்கமும் இல்லீங்க, எனக்கு வேணா குடுங்க" என்றார் செல்வராசு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்று கத்தினேன். அக்காவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். படகு ஆடவில்லை, சேற்றில்தானே இருந்தது.

"அக்கா, இதச் சாப்புடுங்க. நீங்க சாப்பிட்டத வச்சு ஒங்க தம்பிய நான் கேக்க மாட்டேன். எங்க வீட்டுலயும் யாரும் கேக்க மாட்டாங்க. வேணாம்னு சொல்லணும்னா தாராளமாச் சொல்லிட்டுப் போங்க. ஆனா சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

பொய் சொல்லவில்லை. அந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று அதற்குள் முடிவு செய்துவிட்டேன். அதை அப்படியே விட்டுக்கொடுக்கவும் அந்த நிமிடத்தில் தயாராக இருந்தேன்.

"சாப்புடுக்கா" என்றது துண்டுக்கு அந்தப் பக்கத்துக் குரல். இந்தத் தடவை அதில் அவசரம் இருந்தது.

நான் ஊட்டினேன். ஒரு வாய், இரண்டு வாய். நெய்யும் வெல்லமும் என் விரல்களில் வழிந்தன. கேனைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தேன். பெரியப்பா சுமந்து வந்த தண்ணீர் அப்போதுதான் உபயோகப்பட்டது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. கண்ணில் தெளிவு வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உண்மையான பெண் பார்த்தல் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

"நீ இப்புடித்தான் கடைக்கு வாரவங்களையும் சத்தம் போடுவியா?"

"மாத்திரைய ஒழுங்காப் போடலன்னா போடுவேங்க்கா."

"ம்." கேரியரைப் பார்த்தார். "பொங்கல மருந்துக்குத் தின்னேன். அது சேராது." பெரியப்பா துண்டோடு தலையை ஆட்டினார். அக்கா கையை நீட்டினார். "நடு அடுக்குல என்ன, புளிச்சோறா? ஒரு கை போடு."

பெரியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நான்தான் எடுத்து வைத்தேன். அக்கா நிதானமாகப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கி, கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"துவையல் எங்க?" என்றார். அப்புறம் என் தாடையைப் பிடித்து, "இனிமே அக்கா இல்ல, மதினி" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், மூக்கும் சேர்ந்து ஒழுகியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இப்படியா நிற்பது என்று பெரியம்மா தன் தலைப்பால் துடைத்துவிட்டார்.

அப்போது துண்டுக்கு அடியில் ஒரு கை நீண்டு வந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. ஒரு கைப் புளிச்சோற்றை அதில் வைத்தேன். கை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

நல்ல நேரம்

எல்லோரும் சாப்பிட்டோம். செல்வராசுக்கு இரண்டு தடவை வைத்தோம். பெரியப்பா ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். கேரியர் காலியானது. இனிமேல் கலந்து பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மதினி சொன்னார்: "டெப்போக்கு எழுதிக் குடுடா. பொன்னமராவதிக்கு நானும் நாலு நாளைக்கு ஒருக்கா வருவேன். எம் மாத்திரைய இவ கிட்டதான் வாங்கணும்."

சாப்பிட்ட தெம்பில் செல்வராசும் மாப்பிள்ளையும் படகைத் தள்ளிப் பார்க்கிறோம் என்று பின்பக்கம் சேற்றில் இறங்கினார்கள். தொப், தொப் என்று இரண்டு சத்தம். பெரியப்பா துண்டை இன்னும் உயர்த்திப் பிடித்தார். கை வலித்திருக்கும், பாவம். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் அறிவித்தார்:

"மணி பன்னெண்டு. ராகு காலம் முடிஞ்சுருச்சு. இனிமே மாப்ள பொண்ணப் பாக்கலாம்."

துண்டை இறக்கினார்.

திரும்பிப் பார்த்தேன். முழங்கால்வரை சேற்றில், கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தாராளமான முன்நெற்றி. அதில் ஒரு கோடு சேறு. மோவாயில் ஒரு புளிச்சோற்றுப் பருக்கை. வலதுபக்கத்திலிருந்து ஐந்தாவது ஆள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அவரும் பார்த்தார். அழுது வீங்கிய மூக்கு, விரல் முழுக்க வெல்லம், கலைந்த தலை. சீப்பு மட்டும் பையில் பத்திரமாக இருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. அந்த மத்தியானத்தில் முதல்முறையாகப் படகுக்காரரை விட்டுவிட்டு நேராக என்னிடம் கேட்டார்:

"கடைய காலையில எத்தன மணிக்குத் தொறக்கணும்ங்க?"

"எட்டரைக்கு."

கண்டக்டர் யோசனை ஒன்று அவர் முகத்தில் ஓடியது. "அப்ப மொத டிரிப்ப முடிச்சுட்டு வந்து நான் ஷட்டரத் தூக்கி விட்டுருவேன்" என்றார். படகின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்!"

படகு கொஞ்சம்கூட நகரவில்லை. தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தது. எங்களில் யாருக்கும் அவசரமில்லை.